இரவல் சொல்லும் சொந்தத் துயரும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்து குடியேறிய தமிழர் இருவர் ரயில் நிலையத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள். "சௌக்கியமா?" என்று ஒருவர் தமிழில் கேட்கிறார். மற்றவருக்குக் காலம் நன்றாக இருந்தால், "ஏதோ ஆண்டவன் புண்ணியத்தில் இருக்கிறோம்" என்று தமிழிலேயே விடை வரும். காலம் சரியில்லையென்றாலோ, மனிதர் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். "டாக்ஸ் லைஃப், சார்!" என்பார். அல்லது "ஹாண்ட் டு மவுத்!" என்று சொல்லி, ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டுவார். இருவரும் சிரிப்பார்கள். அதற்குள் வண்டி வந்துவிடும்.

இன்பத்தைத் தாய்மொழியில் சொல்ல நாணாதவர்கள், துன்பத்தைச் சொல்ல மட்டும் ஏன் ஆங்கிலேயன் வீட்டு வாசலில் போய்ச் சொல்லுக்குக் கையேந்துகிறோம்? இந்தக் கேள்வி நம் மனத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. காரணம் இல்லாமல் இல்லை. இத்தகைய ஆங்கிலத் தொடர் ஒன்றுக்கு நம் குடும்பம் ஒரு பசுமாட்டை விலையாகக் கொடுத்திருக்கிறது. அந்தக் கதையை, நம்மைப் போலவே ஊரை விட்டு வந்து வாழும் இவ்விதழின் வாசகர்களிடம் சொல்லிவிட வேண்டுமென்று தோன்றுகிறது.

நாம் பம்பாய்க்கு வந்தது 1971ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். மும்பை என்று அந்நகருக்குப் பெயர் மாறியது 1995இல்தான். நம் நாவுக்கு அது இன்றும் பம்பாய்தான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் நம்முடையது. தகப்பனார் நெல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதிவந்தார். நமக்குப் பின் ஒரு தங்கை, ஒரு தம்பி. பள்ளியிறுதி வகுப்பில் தேறித் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்ற பிள்ளைகளுக்கெல்லாம் அந்நாளில் பம்பாயே கதி. மாதுங்காவில் போய் இறங்கிவிட்டால் யாரேனும் ஓர் ஊர்க்காரர் அகப்படுவார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்பது நம்பிக்கை.

நமக்கும் ஊர்க்காரர் அகப்பட்டார். கோட்டைப் பகுதியில் ஒரு வியாபார நிறுவனத்தில் டைப்பிஸ்ட் உத்தியோகமும் கிடைத்தது. சம்பளம் 240 ரூபாய். வரிசையாக அறைகளும், பொதுத் தாழ்வாரமும், பொதுக் குழாயும் கொண்டு, பம்பாய்வாசிகள் 'சால்' என்று அழைக்கும் கட்டடம் ஒன்றில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அறுவராக வசித்தோம். கட்டில்கள் நான்குதாம். கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்து வாழும் அந்த ஏற்பாட்டுக்குக் 'காட் பேசிஸ்' என்று பெயர். நமக்குக் கட்டில்கூட இல்லை. இரண்டு கட்டில்களுக்கு இடையே தரையில் விரிக்க ஒரு பாய்க்கு இடம் இருந்தது. அதற்கு மாதம் 40 ரூபாய். ஊருக்கு 100 ரூபாய் மணியார்டர். மீதியில் சாப்பாடு, ரயில் சீசன் டிக்கெட், சோப்பு, சலவை எல்லாம் நடந்தாக வேண்டும்.

1972இல் மகாராஷ்டிரத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அடுத்த ஆண்டு விலைவாசி ஏணி வைத்து ஏறிற்று. சாப்பாட்டு மெஸ்ஸில் இரண்டு வேளைக்கு 90 ரூபாய் என்று உயர்த்தினார்கள். நாம் அதை ஒரு வேளையாக்கிக்கொண்டு 50 ரூபாயில் நிறுத்தினோம். இரவில் ஒரு பாவ் ரொட்டி, ஒரு குவளைத் தேநீர். சில இரவுகளில் வாழைப்பழம் இரண்டு, குழாய்த் தண்ணீர் வேண்டுமட்டும்.

இதையெல்லாம் ஊருக்கு எழுதினோமா என்றால், இல்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை தகப்பனாருக்கு ஓர் இன்லாந்துக் கடிதம் போகும். "இங்கு நான் சௌக்கியம். அங்கு அனைவரின் க்ஷேமத்துக்கும் எழுதவும்." பதிலும் தவறாமல் வரும்: "இவ்விடம் யாவரும் க்ஷேமம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்." இப்படி இரு தரப்பிலும் க்ஷேமம் பரிமாறிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

இதற்கிடையில் நமக்கு ஆங்கில மோகம் பிடித்திருந்தது. நிறுவனத்தின் மேலாளர் வாய் திறந்தால் மரபுத்தொடர்கள் மணிமணியாக உதிரும். அவரைப் போலப் பேச வேண்டுமென்று ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதைக் கடையில் பழைய மரபுத்தொடர் அகராதி ஒன்றை இரண்டு ரூபாய்க்கு வாங்கினோம். அந்த இரண்டு ரூபாய் இரண்டு இரவுகளின் ரொட்டி. ரயிலில் நின்றுகொண்டே நாளொன்றுக்கு ஐந்து தொடர் என்று மனப்பாடம் செய்தோம். படித்ததைப் பயன்படுத்த ஆள் வேண்டாமா? கும்பகோணத்தில் கல்லூரிப் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்த தம்பி அகப்பட்டான். அவனுடைய ஆங்கிலம் சீர்படட்டும் என்ற சாக்கில் அவனுக்கு மட்டும் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினோம். உண்மையைச் சொன்னால், அண்ணனின் ஆங்கிலத்தைக் கண்டு அவன் வியக்க வேண்டும் என்பதே நோக்கம்.

1973ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு கடிதம் எழுதினோம். பம்பாயின் மழை, விலைவாசி, கூட்டம் எல்லாவற்றையும் வருணித்துவிட்டு, முத்தாய்ப்பாக, "ஐ ஆம் சம்ஹவ் கீப்பிங் பாடி அண்ட் சோல் டுகெதர்" என்று முடித்திருந்தோம். இருமுறை வாசித்து மகிழ்ந்து, கவரை ஒட்டித் தபாலில் சேர்த்தோம்.

ஊரில் நடந்ததைப் பின்னால் தங்கை சொல்லத்தான் அறிந்தோம். தம்பி திண்ணையில் அகராதியும் கையுமாக அமர்ந்து கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தான். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, "அண்ணா என்னடா எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். மழையையும் கூட்டத்தையும் கூறிவிட்டுக் கடைசி வரிக்கு வந்த தம்பி, சொல்லுக்குச் சொல் நேர்மையாக மொழிபெயர்த்தான்: "அண்ணா எப்படியோ உடம்பையும் உயிரையும் பிரியாமல் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாராம்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"பிரிகிற மாதிரி இருக்காடா?" என்று மட்டும் கேட்டாளாம்.

அன்றிரவு அவள் உண்ணவில்லை. மறுநாள் காலையில் மாட்டுத் தரகர் வந்தார். சிவப்பி என்று நாம் அழைத்த பசு 425 ரூபாய்க்குக் கைமாறிற்று. தகப்பனார் பணத்தை மடியில் முடிந்துகொண்டு, கும்பகோணத்தில் சென்னை வண்டி ஏறி, சென்ட்ரலில் பம்பாய் வண்டிக்கு மாறி, இரண்டு இரவுகள் ரயிலில் விழித்திருந்து வந்து சேர்ந்தார்.

காலை ஐந்து மணி இருக்கும். சாலின் பொதுக் குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். தோளில் துண்டும் கையில் துணிப்பையுமாகத் தகப்பனார் படியேறி வந்தார். நம்மைக் கண்டதும் பேசவில்லை. தலை முதல் கால் வரை பார்த்தார். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சலா?"

"இல்லை, அப்பா."

"இருமல் உண்டா? ரத்தம் கித்தம்?"

"ஒன்றுமில்லையே, அப்பா. எதற்குக் கேட்கிறீர்கள்?"

"உடம்பும் உயிரும் சேர்ந்திருக்கிறதே பெரிய காரியம்னு எழுதினியாமே?"

நமக்கு அப்போதுதான் விளங்கிற்று. வரிசையில் நின்றவர்கள் கேட்கக் கூடாதே என்று தாழ்ந்த குரலில், "அது ஆங்கிலத்தில் ஒரு பேச்சு வழக்கு, அப்பா. வருமானம் போதவில்லை, வயிற்றைக் கழுவுவதே பாடாக இருக்கிறது என்று பொருள். வேறொன்றும் இல்லை" என்றோம்.

தகப்பனார் சற்று நேரம் குழாயில் விழும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போதலைன்னு தமிழில் எழுத உனக்கு எழுத்து இல்லாமப் போச்சா?" என்றார்.

நான்கு நாள் தங்கினார். அறையைப் பார்த்தார், பாய்க்குரிய இடத்தைப் பார்த்தார், தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டார். இரவில் ரொட்டியும் தேநீருமாக நாம் அமர்ந்தபோது ஒன்றும் கேட்காமல் தாமும் அதையே உண்டார். திரும்பும் நாள், தாதர் நிலையத்தில் பெட்டியருகே நின்றபோது, 300 ரூபாயை எண்ணி நம் சட்டைப் பையில் வைத்தார். வேண்டாமென்றோம். "ஆங்கிலத்தில் எழுதினதைத் தப்பாப் புரிஞ்சிக்கிட்டு வந்தேன்னு நினைக்காதே. வந்து பார்த்தப்புறம் அது சரியாத்தான் இருக்குன்னு தெரியறது" என்றார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியவர் போல, மண்டியில் தை மாதத்திலிருந்து அவருக்கு அரைச் சம்பளம்தான் என்பதையும், சிவப்பியின் பாலைக் காப்பிக் கடைக்கு ஊற்றித்தான் தம்பிக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டிவந்ததையும் சொன்னார். "நானும் க்ஷேமம்னுதான் எழுதினேன்" என்று சிரித்தார். வண்டி புறப்படும் சமயத்தில் சன்னல் வழியே கூறியது இது: "இனிமேல் கஷ்டம்னா கஷ்டம்னே எழுது. நான் வாசிச்சுக் காட்டினா உங்க அம்மாவுக்கு விளங்கணும்."

மாட்டைத் திரும்ப வாங்க முடியவில்லை. தரகர் அதை எந்தச் சந்தைக்கு ஓட்டிப் போனாரோ, தெரியாது. தம்பி அவ்வாண்டு கல்லூரியை விட்டு நின்றான். மறு ஆண்டும் சேரவில்லை. மண்டியில் தகப்பனாருக்குத் துணையாக அமர்ந்தவன், பின்னர் சொந்தமாகச் சிறு கடை வைத்து நல்ல நிலைக்கு வந்துவிட்டான். நடந்ததை அவன் ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. வீட்டுக் கல்யாணங்களில் மட்டும், யாரேனும் நம் ஆங்கிலப் புலமையைப் புகழ்ந்தால், "அண்ணாவின் இங்கிலீஷ் சாமானியமா? ஒரு பசுமாட்டு விலை!" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நாமும் சிரிப்போம். அவன் படித்திருந்தால் என்னவாகியிருப்பான் என்ற எண்ணம் அந்தச் சிரிப்போடு சேர்ந்தே வரும்.

இதைப் படிக்கும் அன்பர்கள், நாம் ஆங்கிலத்தின்மீது பழி சுமத்துவதாகக் கருத வேண்டாம். அந்தத் தொடர்கள் ஒவ்வொன்றும் ஆங்கிலேய ஏழைகளின் உண்மைத் துயரத்திலிருந்து பிறந்தவை. வாசலிலிருந்து ஓநாயை விரட்டுவது என்று, பட்டினி வராமல் காப்பதை அவர்கள் சொல்வார்கள். ஓநாய் உலவிய காடுகளுக்கு அருகே குடிசையில் வாழ்ந்தவனுடைய அச்சம் அதில் இருக்கிறது. கைக்கும் வாய்க்குமான வாழ்வு என்பதும், நாயின் வாழ்வு என்பதும் அங்கே 16ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவருபவை. இரு முனைகளையும் கூட்டுவது என்று வரவு செலவைச் சரிக்கட்டுவதைக் கூறுவது 17ஆம் நூற்றாண்டில் எழுத்திலேயே காணக் கிடைக்கிறது. 'டவுன் அண்ட் அவுட்' என்ற தொடரைத் தம் நூலின் பெயரிலேயே வைத்து, பாரிசிலும் லண்டனிலும் வறியவரோடு வறியவராக வாழ்ந்ததை 1933இல் வெளியிட்டார் ஜார்ஜ் ஆர்வெல். அவர் 1903இல் பிறந்தது நம் பீகாரிலுள்ள மோதிஹாரியில் என்பது இங்குள்ள நம்மவர் பலருக்கு வியப்பாக இருக்கும். பாத்திரம் கழுவியும் பட்டினி கிடந்தும் அறிந்தவர் அவர். அத்தொடர் அவருக்குச் சொந்தம்.

'டிரெட்மில்' வாழ்க்கை என்று இன்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்துப் பட்டையை நினைத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அச்சொல்லின் பூர்வீகம் சிறைச்சாலை. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் ஆங்கிலச் சிறைகளுக்கென அமைத்த பெருஞ்சக்கரம் அது. கைதிகள் அதன் படிகளில் மணிக்கணக்காக ஏறிக்கொண்டே இருப்பார்கள், சக்கரம் சுழலும், ஏறியவர் ஓரடியும் உயரமாட்டார். நம் மொழியில் இதற்கு நேரான தொடர் இல்லையா? செக்குமாட்டு வாழ்க்கை என்கிறோமே! அதற்கும் சிறைக்கும்கூட உறவு உண்டு. 1908இல் சிறை புகுந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையைக் கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுக்க வைத்தார்கள். அவர் இழுத்த செக்கைச் சென்னை காந்தி மண்டபத்தில் வைத்துக் காத்துவருகிறார்கள். செக்குமாடு என்று சொல்லும்போது தமிழனுக்கு அந்தக் கப்பலோட்டியவரின் தோள் நினைவுக்கு வருகிறது. டிரெட்மில் என்று சொல்லும்போது எந்தத் தோளும் நினைவுக்கு வருவதில்லை.

வேற்றுமை இதுதான் என்று நமக்குப் படுகிறது. நாய் படாத பாடு என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். ஆங்கிலத்தில் மனிதன் நாயைப் போல வாழ்கிறான்; தமிழிலோ, நாய்கூடப் படாததை மனிதன் படுகிறான். அன்றாடங்காய்ச்சி என்ற சொல்லுக்குள் ஓர் அடுப்பும், அதில் அன்றைய கூலியும், நாளைக்கு ஒன்றுமில்லாத பானையும் இருக்கின்றன. ஈரத்துணியை வயிற்றில் போட்டுக்கொண்டு படுத்தான் என்றால் கேட்பவன் வயிறு சில்லிடுகிறது. வள்ளுவர் நல்குரவு என்று வறுமைக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அடுத்து இரத்தலுக்கும் இரவச்சத்துக்கும் அதிகாரங்கள் வைத்தார். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார், சமைத்து நாளானதால் காளான் பூத்துக் கிடக்கும் தம் வீட்டு அடுப்பைக் குமணனிடம் மறைக்காமல் சொன்னார். அப்பெரும் புலவருக்கு இல்லாத வெட்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

வெட்கம் ஊரை விட்டு வந்ததில் இருக்கிறது. பிழைக்க வந்தவன் பிழைக்கவில்லை என்று ஊருக்குச் சொல்வது எளிதன்று. பொய் சொல்லத் தமிழும் நமக்கு உதவிற்று. 'சௌக்கியம்' என்று எழுதினோமல்லவா? முழுப் பொய்க்கும் முழு உண்மைக்கும் நடுவே ஒரு மறைவிடம் தேவைப்படுகிறபோதுதான் ஆங்கிலத் தொடர் வந்து நிற்கிறது. அதைக் கூறியவனுக்கும் சொல்லிவிட்டோம் என்ற ஆறுதல். கேட்டவனுக்கும் ஏதும் செய்ய வேண்டியதில்லை என்ற ஆறுதல்.

இதை நாம் முழுமையாக உணர்ந்தது இன்னும் ஒன்பது ஆண்டுகள் கழித்து.

காலை 8.40 வண்டியில் மாதுங்காவிலிருந்து அந்நாளைய விக்டோரியா டெர்மினஸ் வரை செல்லும் தமிழர் எண்மர் ஒரே பெட்டியில் கூடுவது வழக்கம். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆஸ்தானத் தொடர் உண்டு. வங்கி நண்பருக்கு 'ராட் ரேஸ்'. துறைமுகத்தில் பணிபுரிந்தவருக்கு 'பில்லர் டு போஸ்ட்'. பஞ்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்த திருநெல்வேலி நண்பருக்கு 'டாக்ஸ் லைஃப்'. வண்டியில் கால் வைத்ததும் அவர் அதைச் சொல்ல வேண்டும். நாங்கள் சிரிக்க வேண்டும். அப்புறம்தான் அன்றைய சம்பாஷணை தொடங்கும். அவர் கரி ரோட்டில் இறங்கிவிடுவார்.

1982ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் தேதி பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது. டாக்டர் தத்தா சாமந்தின் தலைமையில் ஏறத்தாழ 2,50,000 பேர் வேலையை நிறுத்தினர். அந்த வேலைநிறுத்தம் முடிந்ததென்று முறையாக அறிவிக்கப்படவேயில்லை. பல ஆலைகளின் சங்கு அதன் பிறகு ஊதவேயில்லை. நம் நண்பரோ வழக்கம்போல் வண்டிக்கு வந்தார். "ஆலை நின்றால் கணக்கும் நின்றுவிடுமா? எங்களுக்கு இரட்டை வேலை. டாக்ஸ் லைஃப்!" என்றார். வழக்கம்போல் சிரித்தோம். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சாப்பாட்டு டப்பா, கரி ரோட்டில் இறக்கம், எதிலும் மாற்றமில்லை.

ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் விடுப்பெடுத்து, ஊரிலிருந்து வந்திருந்த உறவினர் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பைகுல்லாவிலுள்ள ராணி பாக் பூங்காவுக்குச் சென்றோம். மழை விட்டிருந்தது. யானைக் கொட்டடிக்கு அப்பால் ஒரு மரத்தடிப் பலகையில், மடியில் சாப்பாட்டு டப்பாவோடு நண்பர் அமர்ந்திருந்தார். நம்மைப் பார்த்துவிட்டார். எழுந்து ஓட இடமில்லை. முகத்தில் வழக்கமான சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "டாக்ஸ் லைஃப்" என்றார்.

அன்று நாம் சிரிக்கவில்லை. அருகில் அமர்ந்து, "என்ன ஆச்சு, அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

சிறிது நேரம் டப்பாவின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு, "ஏழு மாசமாச்சு, தம்பி. வேலை இல்லை. வீட்டுல இன்னும் சொல்லல. அவ தெனமும் சோறு கட்டிக் குடுக்கா" என்றார். அதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை.

ஏழு மாதமாக அவர் நாள்தோறும் எங்களிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். தம் வாழ்வு நாயின் வாழ்வென்று நாள்தோறும் சொன்னார். எண்மரில் ஒருவருக்கும் அது செவியில் ஏறவில்லை. சிரித்துச் சிரித்து அந்தச் சொல்லை வெறும் காலை வணக்கமாக்கிவிட்டிருந்தோம். "நாய் படாத பாடு படுகிறேன்" என்று ஒருநாள் அவர் தமிழில் கூறியிருந்தால், நம்மில் ஒருவராவது தோளில் கை வைத்து, என்ன என்று கேட்டிருப்போம். மறுநாள் 8.40 வண்டியில் மற்றவர்களிடம் செய்தியைச் சொன்னோம். எண்மர் கூட்டம் அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்றது. ஒரு மாதத்துக்குள் தாராவியில் ஒரு தோல் வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலை ஏற்பாடாயிற்று. ஏழு மாதம் முன்பே கூடியிருக்கக்கூடிய காரியம் அது.

நம் வீட்டில் ஒரு தொடர் நாம் சொல்ல நினைத்ததற்கு மேல் சொல்லிவிட்டது. ரயிலில் மற்றொரு தொடர் சொல்ல வேண்டியதைச் சொல்லவேயில்லை. இரண்டிலும் குற்றம் ஒன்றுதான். சொன்னவனும் கேட்டவனும் அச்சொல்லின் கனத்தைக் கையில் ஏந்திப் பார்க்கவில்லை. கனத்தை அறிந்தவள் ஆங்கிலம் அறியாத அம்மா ஒருத்திதான்.

இன்று இன்லாந்துக் கடிதமும் இல்லை, மரபுத்தொடர் அகராதியைத் தேடி நடைபாதைக்குப் போவாரும் இல்லை. ஆனால் இரவல் சொல் நிற்கவில்லை. நம் பேத்தி பெங்களூருவில் கணினி நிறுவனம் ஒன்றில் பணி புரிகிறாள். மாதச் சம்பளத்தைக் கேட்டால் நம் தகப்பனார் மயங்கி விழுந்திருப்பார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவோம். "எப்படியம்மா இருக்கிறாய்?" என்றால், "சர்வைவிங், தாத்தா!" என்று சிரிப்பாள். உயிரோடு எஞ்சியிருக்கிறேன் என்று பொருள்படும் சொல். அவள் வயதுப் பிள்ளைகள் யாவரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றறிந்து நாமும் சில காலம் சிரித்துவந்தோம்.

சென்ற பொங்கலுக்கு முந்தைய ஞாயிறன்று அவள் அதைச் சொன்னபோது, ஏனோ முறத்தைக் கீழே வைத்த அம்மாவின் நினைவு வந்தது. "அம்மா, அதைத் தமிழில் சொல்லு" என்றோம்.

"தமிழிலா? என்ன தாத்தா திடீரென்று?" என்று சிரித்தாள்.

"பரவாயில்லை. வரும் தமிழில் சொல்லு. தாத்தாவுக்கு அவசரம் ஒன்றுமில்லை."

நீண்ட மௌனம். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினோம். பிறகு, பள்ளியில் தமிழே படித்திராத அந்தப் பெண், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "தூக்கம் வரல, தாத்தா. ரொம்ப நாளா வரல. காலைல எந்திரிக்கவே பயமா இருக்கு" என்றாள்.

மறுநாள் இரவே வண்டி ஏறினோம். நம் தகப்பனாரைப் போல மடியில் பணம் முடிந்துகொண்டு போக வேண்டிய நிலை இல்லை. துணிப்பையில் கொஞ்சம் முறுக்கும், ஒரு பாட்டில் மாவடுவும் இருந்தன. பத்து நாள் அவளோடு தங்கினோம். மருத்துவரிடம் உடன் சென்றோம். சமைத்துப் போட்டோம். அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மாலை ஆறு மணிக்குச் சோபாவில் சாய்ந்தவள் மறுநாள் காலை வரை தூங்கினாள். விளக்கை அணைத்துவிட்டு அருகில் அமர்ந்திருந்தோம். இப்போது தேறிவருகிறாள்.

அன்பர்களே, நம் பிள்ளைகள் எம்மொழியில் வேண்டுமானாலும் கற்கட்டும், உத்தியோகம் பார்க்கட்டும், வேடிக்கை பேசட்டும். நம் சங்கத்தின் தமிழ் வகுப்புகளில் அவர்களுக்கு ஆத்திசூடியும் குறளும் கற்பிக்கிறோம், மகிழ்ச்சி. அவற்றோடு, தலைவலிக்கிறது, பசிக்கிறது, முடியவில்லை, பயமாக இருக்கிறது என்னும் எளிய சொற்களும் அவர்கள் நாவில் தமிழில் பழகியிருக்க வேண்டும். கேட்கும் காதுகள் நம்மிடம் இருக்க வேண்டும். யாரேனும் சிரித்துக்கொண்டே ஓர் ஆங்கிலத் தொடரைச் சொல்லிவிட்டுக் கடந்து போகப் பார்த்தால், ஒரு நிமிடம் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "அதைத் தமிழில் சொல்லுங்கள், பார்ப்போம்" என்று கேளுங்கள். வண்டி போனால் போகட்டும். பின்னால் இன்னொரு வண்டி வரும்.